அழைப்பும் அவையடக்கமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இறைவன் ஒருவனைப் பணிக்கு அழைக்கும்போது, அழைக்கப்பட்டவன் வாயிலிருந்து முதலில் எழும் சொல் பெரும்பாலும் 'இயலாது' என்பதே. சமய நூல்களிலும் இலக்கிய வரலாறுகளிலும் இச்சொல் மீண்டும் மீண்டும் ஒலிக்கக் காணலாம். இது இருவகைப்படும். பணியின் பெருமையைக் கண்டு தன் சிறுமையை உணர்ந்தவன் சொல்லும் 'இயலாது' ஒன்று. பணியைத் தட்டிக்கழிக்க விரும்புவோன் சொல்லும் 'இயலாது' மற்றொன்று. செவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அடுத்து நிகழும் செயலைக் கண்டே இதுவா அதுவா என்று துணிய இயலும். இவ்வேறுபாட்டைச் சில சான்றுகளால் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். எழுதுகோலை எடுக்கும்போதே கை நடுங்குவோர்க்கும், நடுங்கும் கையைக் கண்டு நகைக்க முற்படுவோர்க்கும் இச்சான்றுகளில் பாடம் உண்டு.

ஆடு மேய்த்தவரின் ஐந்து தடைகள்

விவிலியத்தின் இரண்டாம் நூல் யாத்திராகமம். அதன் 3, 4ஆம் அதிகாரங்கள் மோசே பெற்ற அழைப்பைக் கூறுகின்றன. எகிப்திய அரண்மனையில் வளர்ந்தவர் மோசே. ஆயினும் ஓர் எகிப்தியனைக் கொன்ற குற்றத்திற்கு அஞ்சி ஓடி, மீதியான் நாட்டில் மாமனார் எத்திரோவின் ஆடுகளை மேய்த்து வந்தார். ஓரேப் மலையடியில், தீப்பற்றியும் எரிந்து போகாத முட்செடியின் நடுவிலிருந்து இறைவன் அவரை அழைக்கிறான். பார்வோன் முன் சென்று அடிமைப்பட்ட இஸ்ரவேல் மக்களை மீட்டு வரவேண்டும் என்பது கட்டளை. அவர் பார்வோன் முன் நின்று பேசியபோது வயது 80 என்று அந்நூலே குறிக்கிறது.

கட்டளையைக் கேட்ட மோசே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தடைகளை எழுப்புகிறார். பார்வோனிடம் போகத் தமக்கு என்ன தகுதி உண்டு என்பது முதல் தடை. அனுப்பியவன் பெயர் யாதென மக்கள் வினவினால் என்ன விடை கூறுவது என்பது இரண்டாவது. மக்கள் தம்மை நம்பமாட்டார்கள் என்பது மூன்றாவது. தமக்குப் பேச்சுவன்மை இல்லை, வாயும் நாவும் மந்தமானவை என்பது நான்காவது. வேறு யாரையாவது அனுப்பவேண்டும் என்பது ஐந்தாவது.

இத்தடைகளுக்கு இறைவன் விடையளிக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. 'எனக்கு என்ன தகுதி' என்ற வினாவிற்கு, 'நீ தகுதி மிக்கவன்' என்று அவன் புகழுரை கூறவில்லை. தான் உடன் இருப்பதாக மட்டுமே சொல்கிறான். மோசேயின் சிறுமையை அவன் மறுக்கவும் இல்லை, அதனைப் பொருட்படுத்தவும் இல்லை. மக்கள் நம்பமாட்டார்கள் என்றபோது, கையில் இருப்பது யாதென வினவுகிறான். கையில் இருந்தது ஆடு மேய்க்கும் கோல். அக்கோலே அடையாளமாகிறது. வாளோ செங்கோலோ வானிலிருந்து இறங்கி வரவில்லை. நாள்தோறும் ஆடுகளின் பின்னே ஏந்தித் திரிந்த கோலே போதுமானதாயிற்று.

முதல் நான்கு தடைகளுக்கும் இறைவன் பொறுமையுடன் விடை பகர்கிறான். ஐந்தாவது தடையைக் கேட்டதும் அவனுக்குச் சினம் மூண்டது என்கிறது நூல். முன்னைய நான்கும் அச்சத்திலும் ஐயத்திலும் பிறந்தவை. அவற்றுள் வினா இருந்தது. ஐந்தாவதில் வினா இல்லை. விலகல் மட்டுமே இருந்தது. அடக்கம் மறுப்பாக மாறும் எல்லை இதுவே.

சினந்தபோதும் இறைவன் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. அண்ணன் ஆரோனைத் துணையாகத் தருகிறான். மோசே கருத்தை வழங்க, ஆரோன் அவர்க்கு வாயாக இருப்பார் என்பது ஏற்பாடு. ஆனால் பேச்சுவன்மை என்னும் தகுதி ஆரோனை எங்கே கொண்டு சேர்த்தது என்பதையும் நூல் மறைக்கவில்லை. மோசே மலைமேல் தங்கியிருந்த நாட்களில், மக்கள் வற்புறுத்தியதும் பொற்கன்றைச் செய்து கொடுத்தவர் அவ்வாரோனே. நாவன்மை உடையவர் கூட்டத்தின் விருப்பத்திற்கு இணங்கினார். நா மந்தம் என்று நடுங்கியவரோ இறுதிவரை தம் பணியினின்று விலகவில்லை. அவர் தம் வாழ்நாளின் முடிவில் மக்களைக் கூட்டி நெடிய உரைகள் நிகழ்த்தியதையும், ஒரு பாடலை முற்றும் ஓதியதையும் உபாகமம் கூறுகிறது. 'பேச இயலாது' என்றவரின் கதை பாடலில் வந்து நிறைவது கவிஞர்கள் கருதத்தக்கது.

விருந்தினின்று எழுந்து சென்றவர்

இதற்கு இணையானதொரு நிகழ்ச்சி ஆங்கில இலக்கியத்தின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. கி.பி. 731இல் நிறைவு பெற்ற தமது திருச்சபை வரலாற்று நூலில் பீட் என்னும் துறவி அதனைப் பதிவு செய்துள்ளார். ஏழாம் நூற்றாண்டில், இன்று விட்பி எனப்படும் ஊரில் ஹில்டா என்னும் அம்மையார் தலைமையில் ஒரு மடம் இருந்தது. அம்மடத்தைச் சார்ந்து கால்நடைகளைப் பேணி வந்தவர் கேட்மன். வயது முதிர்ந்த பின்னும் அவர்க்குப் பாட்டு ஒன்றும் தெரியாது. அக்கால விருந்துகளில் யாழ் கைக்குக் கை மாறி வரும். பெற்றவர் ஒவ்வொருவரும் பாடவேண்டும் என்பது வழக்கம். யாழ் தம்மை நெருங்குவதைக் கண்டால் கேட்மன் எழுந்து வெளியேறிவிடுவார்.

அவ்வாறு வெளியேறிய ஓர் இரவில், காவல் முறைக்காகத் தொழுவம் சென்று உறங்கினார். கனவில் ஒருவர் தோன்றி, பெயர் சொல்லி அழைத்து, தமக்கு ஏதேனும் பாடுமாறு பணித்தார். பாடத் தெரியாது, அதனால்தான் விருந்திலிருந்து வந்துவிட்டதாக இவர் விடை கூறினார். ஆயினும் பாடத்தான் வேண்டும் என்றார் வந்தவர். எதனைப் பாடுவது என்று கேட்மன் வினவ, படைப்பின் தொடக்கத்தைப் பாடுமாறு ஆணை பிறந்தது. அதற்குமுன் கேட்டறியாத சொற்களால் அவர் படைத்தவனைப் பாடினார். அச்சிறு பாடல், பழைய ஆங்கிலத்தில் இன்றுவரை நிலைத்திருக்கும் மிகப் பழைய பாடல்களுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. கேட்மனை விருந்தினர் கூட்டம் அழைத்தபோது அவர் எழுந்து போனார். கனவில் வந்தவர் அழைத்தபோதும் அதே விடையைத்தான் கூறினார். ஆனால் இம்முறை அவர் எழுந்து போகவில்லை. தெரியாது என்று சொன்னவர், அடுத்து எதைப் பாடுவது என்று கேட்டார். 'எதை' என்ற அந்த வினாவே இசைவு.

அழைப்போடு கதை முடிந்துவிடவில்லை. காலையில் கேட்மன் தம் மேலாளரிடம் செய்தியைக் கூற, அவர் ஹில்டா அம்மையாரிடம் அழைத்துச் சென்றார். கற்றோர் கூடி அவரை ஆராய்ந்தனர். புனித வரலாற்றின் ஒரு பகுதியை விளக்கிச் சொல்லி, இயலுமாயின் பாட்டாக்கி வருமாறு அனுப்பினர். மறுநாள் காலை அவர் பாட்டோடு வந்தார். அதன்பின்னரே மடத்தின் துறவியருள் ஒருவராக ஏற்கப்பெற்றார். பிறர் படித்துச் சொல்வதைச் செவியால் கேட்டு, மனத்தில் இருத்தி, தூய விலங்கு அசைபோடுவதுபோல் அசைபோட்டு இனிய பாடல்களாக ஆக்கினார் என்று பீட் எழுதுகிறார். மாடுகளோடு வாழ்ந்தவர்க்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. தொழுவத்தில் கற்ற அமைதியே அவரது கவிதைப் பயிற்சியாயிற்று போலும்.

பூனையும் நாயும் எறும்பும்

தமிழ் மரபு இந்த 'இயலாது' என்னும் சொல்லுக்கு நூலிலேயே ஓர் இடம் வகுத்துவிட்டது. அதற்கு அவையடக்கம் என்று பெயர். தொல்காப்பியர் செய்யுளியலில் இதனை அவையடக்கியல் என்று குறித்து இலக்கணமும் கூறினார். வல்லமையின்றிக் கூறப்பட்டவற்றையும் வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுமாறு எல்லோரையும் பணிந்து வேண்டுவது அதன் இயல்பு. இவ்விலக்கணத்தில் கடமை இருபாலார்க்கும் உண்டு. புலவன் தன் குறையை ஒப்பவேண்டும். அவை அதனைப் பொறுத்து, தெரிந்து கொள்ளவேண்டும்.

இம்மரபில் வந்த பெருங்கவிஞர் மூவர் தம்மை எவற்றோடு ஒப்பிட்டனர் என்பதை ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கம்பர் தம்மைப் பாற்கடலை முழுதும் நக்கிவிடப் புகுந்த பூனையாகக் காண்கிறார். சேக்கிழார் கடல்நீரை முற்றும் பருக விழையும் நாயாகத் தம்மைக் கூறிக்கொள்கிறார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், ஊழிக்காற்றின் முன்னே சிற்றெறும்பு விடும் மூச்சு என்று தம் பாட்டைக் குறிக்கிறார்.

பூனை, நாய், எறும்பு ஆகிய மூன்றும் எளிய உயிர்கள். மூன்றும் தம் அளவிற்கு எவ்வகையிலும் ஒவ்வாத பெரும் பொருளின் முன் நிற்கின்றன. ஆயினும் ஒன்றேனும் திரும்பிப் போகவில்லை. பூனை கரையில் அமர்ந்து தன் நாவின் நீளத்தை அளந்துகொண்டிருக்கவில்லை, நக்கத் தொடங்கிவிட்டது. நாயின் வேட்கை தணியவில்லை. எறும்பும் மூச்சை அடக்கிக்கொள்ளவில்லை. கம்பரும் சேக்கிழாரும் தம்மைத் தூண்டியது ஆசை என்றே வெளிப்படையாக உரைக்கின்றனர். தகுதி உண்டு என்று எவரும் சொல்லவில்லை. வேட்கையின் அளவு தகுதியின் அளவை மீறிவிட்டது என்பதே அவர்கள் தரும் வாக்குமூலம்.

அவையடக்கம் எங்கே அமைகிறது என்பதும் எண்ணத்தக்கது. அது நூலின் பாயிரப் பகுதியில் நிற்கிறது. அதனைத் தொடர்ந்து நூல் வருகிறது. கம்பர் 'இயலாது' என்னும் பொருள்படப் பாடிவிட்டுப் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். செயலுக்கு வாயிலாக நிற்கும் வரையில் அவ்வடக்கம் உண்மையானது. பின்னே நூல் வராத அவையடக்கத்தைத் தமிழ் மரபு அறியாது. அது மோசேயின் ஐந்தாம் தடையோடு சேரவேண்டியது.

சேக்கிழாரின் வரலாறு இதற்கு மேலும் ஒளி சேர்க்கிறது. அனபாய சோழனின் அமைச்சராக விளங்கிய அவர், மன்னன் சீவகசிந்தாமணியில் மனம் தோய்ந்திருப்பதைக் கண்டு, சிவனடியார் வரலாற்றைக் கேட்குமாறு எடுத்துரைத்தார் என்பது மரபு வழிச் செய்தி. அவ்வாறாயின் அதனை விரித்துப் பாடுக என்று மன்னன் அவரையே பணித்தான். குறை இருப்பதைக் கண்டு சொன்னவர் மேலேயே அதனை நிறைக்கும் பொறுப்பும் விழுந்தது. தில்லைக்குச் சென்று இறைவனை இறைஞ்சி நின்றபோது முதற்சொல் அருளால் ஒலித்தது என்கின்றனர். ஒரு சொல்லே கிடைத்தது. எஞ்சிய நாலாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களையும் அவர்தாம் பாடவேண்டியிருந்தது. அருள் அடியெடுத்துக் கொடுக்கும்; நடப்பது நடப்பவன் கடமை.

அரங்கேற்றத்தில் எழுந்த தடை

அருளால் கிடைத்ததாயின் எதிர்ப்பே இராது என்று கருதுவோர்க்குக் கச்சியப்ப சிவாசாரியாரின் வரலாறு விடையாகும். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் பூசனை புரிந்த அவர்க்கு முருகப்பெருமான் கனவில் தோன்றி, கந்தபுராணத்தைத் தமிழில் பாடப் பணித்து முதலடியையும் தந்தருளினான் என்பர். நாள்தோறும் பாடிய ஏட்டை இரவில் திருமுன் வைத்து, காலையில் திருத்தம் பெற்ற ஏட்டை எடுத்தார் என்றும் வரலாறு கூறும்.

இத்தகைய நூலின் அரங்கேற்றத்தில், முதற்பாட்டின் முதற்புணர்ச்சியிலேயே தடை எழுந்தது. அதற்கு இலக்கண விதி காட்டுக என்றனர் அவையோர். அது முருகன் தந்த அடி என்று கூறியும் அவை அமைதியுறவில்லை. இலக்கணம் கேட்ட அவைக்கு இலக்கணமே விடையாதல் வேண்டும். அன்று கச்சியப்பரிடம் விடை இல்லை. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து, அப்புணர்ச்சிக்கு உரிய விதியைக் காட்டினார். அவை தெளிந்தது, அரங்கேற்றம் தொடர்ந்தது.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. வீரசோழியத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். முருகன் புகழ் பாடிய நூலைக் காத்தது பௌத்தர் எழுதிய இலக்கணம். அழைக்கப்பட்டவனுக்கு வேண்டிய துணை அவன் எதிர்பாராத திசையிலிருந்தும் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முன்சீப் கேட்ட கேள்வி

முட்செடியும் கனவும் இக்காலத்திற்கு ஒவ்வா என்று கருதுவோர் உண்டு. அவர்களுக்காக ஆவணச் சான்றுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும். அழைப்பு மனிதர் வாய்மொழியாகவும் வரும்.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் என்னும் பெருமை அவர்க்கு உண்டு. அவ்வாண்டு அக்டோபர் மாதம் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பைச் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்ததுண்டு என்று முதலியார் வினவ, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்டதொரு பட்டியலைக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாக இருந்தது. பின்னர் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படியைக் கொடுத்து, அதனைப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார்.

சைவச் சூழலில் பயின்ற இளைஞர்க்குச் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையும் பல இடங்களில் புதிராக நின்றது. தமக்குத் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. தெரியாது என்பதற்காக ஏட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் தேடிச் சென்று ஐயந்திரிபறக் கேட்டுத் தெளிந்தார். பல ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்து ஒப்பிட்டார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. எந்தச் சிந்தாமணியிலிருந்து மன்னன் மனத்தைத் திருப்பச் சேக்கிழார் முயன்றதாகச் சொல்லப்படுகிறதோ, அந்தச் சிந்தாமணியை மீட்டெடுக்கும் பணி பின்னாளில் ஒரு சைவர் கையில் வந்து சேர்ந்தது. அவர்க்கு ஆசிரியராக அமைந்தோர் சமணர்.

துணை நிற்பதும் பணியே

இச்சான்றுகளிலிருந்து பெறப்படுபவை சில உள. முதலாவது, அழைப்பு வந்தவுடன் குறை நீங்கிவிடுவதில்லை. மோசேயின் நா மந்தம் நீங்கியதாக நூலில் செய்தி இல்லை. கேட்மன் எழுத்தறிந்தவராக மாறவில்லை. குறை இருந்தபடியே இருக்க, பணி நடைபெற்றது. குறை தீர்ந்தபின் தொடங்கலாம் என்று காத்திருப்போர்க்குத் தொடக்கமே வாய்ப்பதில்லை.

இரண்டாவது, அழைப்பு உழைப்பை விலக்குவதில்லை. கேட்மன் ஆராயப்பட்டார். கச்சியப்பர் வினவப்பட்டார். சாமிநாதையர் ஆண்டுக்கணக்கில் சுவடிகளோடு போராடினார். தகுதியில்லை என்னும் உணர்வு உண்மையாயின் அது கற்கத் தூண்டும். கற்கத் தூண்டாத தாழ்வுணர்ச்சி அடக்கம் எனப்படாது. அதில் சோம்பலும் அச்சமும் கலந்துள்ளன. அவ்வாறே, அழைப்பு என்னும் பெயரால் ஆராய்ச்சியினின்று தப்ப முயல்வோரும் ஐயத்திற்குரியவரே.

மூன்றாவது செய்தி இவ்விலக்கிய வட்டத்திற்கு நேரே உரியது. மெலியவனாகத் தன்னை உணர்ந்து பணியேற்ற ஒவ்வொருவர் அருகிலும் மற்றொருவர் நிற்கக் காண்கிறோம். மோசேக்கு ஆரோன், கேட்மனுக்கு ஹில்டா, கச்சியப்பர்க்குச் சோழ நாட்டுப் புலவர், சாமிநாதையர்க்குக் கும்பகோணத்துச் சமணர். விட்பியில் அம்மையார் அந்த மாட்டுக்காரரைக் கேளாமலே திருப்பி அனுப்பியிருந்தால், அப்பாடல் தொழுவத்தோடு மறைந்திருக்கும். அவர் கேட்டார், ஆராய்ந்தார், பின் இடமளித்தார். புகழ்ந்து கெடுக்கவும் இல்லை, இகழ்ந்து விரட்டவும் இல்லை. தொல்காப்பியர் அவைக்கு வகுத்த கடமையும் இதுவே.

பத்தாண்டு நிறைவெய்தும் ஒரு வட்டம் தான் வெளியிட்ட நூல்களையும் நடத்திய அரங்குகளையும் எண்ணிப் பார்ப்பது இயல்பு. அவற்றோடு, கடைசி வரிசையில் அமர்ந்து, தன் முறை வருமுன் எழுந்து போய்விடுவோரையும் எண்ணிப் பார்த்தல் நன்று. ஒவ்வொரு கவியரங்கிலும் அத்தகையோர் ஒருவரேனும் இருப்பர். சட்டைப்பையில் மடித்து வைத்த தாள் வெளிவராமலே வீடு திரும்பும். அவரைத் தேடிச் சென்று, அத்தாளை வாங்கிப் படித்து, குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் கூறுவதற்கு ஒருவர் வேண்டும். அவ்வாறு செல்பவரும் அழைக்கப்பட்டவரே.

எழுந்து போகும் அன்பர்க்கும் ஒரு சொல் உண்டு. பாற்கடலைப் பூனை குடித்து முடித்ததில்லை. முடிக்கவேண்டும் என்று எவரும் அதனைக் கேட்டதும் இல்லை. நாவை நீட்டுவது மட்டுமே அதன் பங்கு. அந்தப் பங்கைச் செய்த பூனையால் தமிழுக்கு ஓர் இராமகாதை கிடைத்தது.

வளர்க இலக்கிய வட்டத்தின் பணி.